பசும்பால் இல்லாத அடுப்படியில் எதற்கு எந்தப் பால்?

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குப் பால் ஆகாது. அத்தை ஒரு தம்ளர் பால் குடித்தால் சற்று நேரத்தில் வயிறு உப்பிப் பொருமத் தொடங்கிவிடும். என் மகனுக்கோ பால் பட்ட கரண்டியை வாயில் வைத்தாலே உதடு தடித்துவிடும். இருவருக்கும் சமைப்பது ஒரே அடுப்பில்தான்.

மகனுக்கு ஒவ்வாமை என்று மருத்துவர் சொன்ன வாரம், கடைக்குப் போய்ப் பாதாம் பானம் ஒரு பெட்டி வாங்கி வந்தேன். இனி பால் வேண்டிய இடத்திலெல்லாம் இதை ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சேமியா பாயசம் தண்ணீராய் ஓடியது. அந்தப் பெட்டியில் வெனிலாவும் சர்க்கரையும் சேர்த்திருந்ததால் குருமா ஐஸ்கிரீம் மணத்தோடு வந்து நின்றது. கேக் வெளுத்துப்போய், மறுநாளே உதிர்ந்தது. பாலுக்குப் பதில் என்ன என்று நான் கேட்டதே தவறு என்பது ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது. பாயசத்தில் பால் செய்யும் வேலை ஒன்று, குருமாவில் வேறு, கேக்கில் முற்றிலும் வேறு. அந்த வேலையை யார் செய்வார் என்று தேடினால் ஒவ்வொன்றுக்கும் ஆள் கிடைக்கிறது. பல வேலைகளுக்கு நம் வீட்டுத் தேங்காயே போதும்.

முதலில், யாருக்காக மாற்றுகிறீர்கள்?

மாற்றுப் பால் தேடும் முன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பால் ஆகாது என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன.

அத்தைக்கு இருப்பது பால் சர்க்கரைச் செரிமானக் குறைவு. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். கைக்குழந்தைக்கு அது தாராளமாகச் சுரக்கிறது. வளர வளரக் குறைகிறது. உலகில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு இப்படித்தான் என்பதால் இதை நோய் என்றுகூடச் சொல்ல முடியாது. இவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்கின்றன. உறை போட்ட நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தாமே தின்றுவிடுகின்றன. நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. ஆகவே அத்தையின் தயிர்ச்சாதத்தில் நான் கை வைக்கவில்லை. லாக்டோஸ் நீக்கிய பால் பாக்கெட்டில் கிடைக்கிறது. அது உண்மையான பசும்பால்தான், லாக்டோஸ் முன்கூட்டியே குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் உடைக்கப்பட்டிருக்கும். அதனால் நாக்குக்குக் கொஞ்சம் கூடுதலாக இனிக்கும், சூட்டில் விரைவாகச் சிவக்கும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் எல்லாச் சமையலுக்கும் அதை அப்படியே பயன்படுத்தலாம். உங்கள் வீட்டுக் கவலை இது மட்டும்தான் என்றால், கீழே உள்ளவற்றைச் சுவைக்காகப் படித்தால் போதும்.

மகனுக்கு இருப்பது பாலின் புரதத்துக்கு எதிரான ஒவ்வாமை. இங்கே தயிரும் கூடாது, மோரும் கூடாது, லாக்டோஸ் நீக்கிய பாலும் கூடாது. ஆட்டுப்பால், எருமைப்பால் கொடுத்துப் பாருங்கள் என்று அக்கம்பக்கத்தில் அன்போடு சொல்வார்கள். கேட்காதீர்கள். அவற்றின் புரதங்கள் பசும்பாலின் புரதங்களை ஒத்தவை என்பதால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அதே விளைவுதான் வரும். நெய்யிலும் புரதம் சிறிதளவு தங்கியிருக்கக்கூடும். எது கொடுக்கலாம், எப்போது மறுபடி கொடுத்துப் பார்க்கலாம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். சோயா, நிலக்கடலை, முந்திரி ஆகியவற்றுக்கும் சிலருக்கு ஒவ்வாமை உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு நான் கீழே சொல்லும் எந்தப் பாலும் தாய்ப்பாலுக்கோ மருத்துவர் தரும் பால்மாவுக்கோ ஈடாகாது.

பால் என்ன வேலை செய்கிறது?

பசும்பாலில் சுமார் 87 விழுக்காடு தண்ணீர். மீதியில் கொழுப்பு 3 முதல் 4 வரை, புரதம் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல், லாக்டோஸ் 5 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. நாம் வாங்கும் பாக்கெட்டுகளில் சமன்படுத்திய பாலில் 3 விழுக்காடு, நிலைப்படுத்திய பாலில் 4.5, நிறைகொழுப்புப் பாலில் 6 என்று கொழுப்பு மாறும்.

தண்ணீர் மாவை நனைக்கிறது. கொழுப்பு வழவழப்பும் மணமும் தருகிறது. புரதம் கெட்டிப்படுத்துகிறது, நுரைக்கிறது, சர்க்கரையோடு சேர்ந்து சூட்டில் பொன்னிறமாகிறது. லாக்டோஸ் லேசாக இனிக்கிறது. ஒரு பதார்த்தத்தில் இந்த நான்கில் எது முக்கியம் என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சப்பாத்தி மாவில் விடும் அரைக் கரண்டிப் பாலுக்கு மாற்றே தேட வேண்டாம், வெந்நீரும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் போதும். உருளைக்கிழங்கு மசியலுக்கும் அப்படியே. கிழங்கு வெந்த தண்ணீரைக் கீழே கொட்டாமல் அதையே விட்டு மசிக்கலாம்.

தேங்காய்ப்பால்

எங்கள் ஆச்சி காலத்தில் பாயசத்துக்குப் பால் என்றால் முதலில் தேங்காயைத்தான் உடைப்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்துச் சொதியைப் போலத் தேங்காய்ப்பாலின் குணத்தை முழுக்கப் புரிந்துகொண்ட பதார்த்தம் வேறொன்றும் எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்து அது. மூன்றாம் பாலில் காய்கள் வேகும். பிறகு இரண்டாம் பால். முதல் பாலை இறக்குவதற்குச் சற்று முன் விட்டு, நுரை கட்டியதும் அடுப்பை அணைப்பார்கள். எலுமிச்சைச் சாறு, பாத்திரத்தைக் கீழே இறக்கிய பிறகுதான். தேங்காய்ப்பாலின் புரதம் கொதிநிலைக்கு முன்பே திரண்டுவிடும். அப்போது கொழுப்பு தனியே பிரிந்து எண்ணெயாக மிதக்கும். அந்த வரிசை முழுக்க இதைத் தடுக்கத்தான். பயத்தம்பருப்பு சேர்ப்பதும் சுவைக்காக மட்டும் இல்லை, அது பாலைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பருப்பில்லாத குழம்பு என்றால் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்து விடுங்கள், அதே வேலையைச் செய்யும்.

வெல்லம் போட்ட பாயசங்களில் தேங்காய்ப்பால் பசும்பாலை வென்றேவிடுகிறது. சூடான வெல்லப்பாகில் பசும்பாலை விட்டால் திரிந்துபோகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பயம். வெல்லத்தின் லேசான புளிப்பும் அதிலுள்ள உப்புகளும் பாலின் கேசின் புரதத்தைத் திரள வைக்கின்றன. தேங்காய்ப்பாலில் கேசின் இல்லை. பருப்புப் பாயசத்திலும் கேரளத்தின் அடைப் பிரதமனிலும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தே வருவது இதனால்தான். யாழ்ப்பாண வீடுகளில் பொங்கல் பானையில் தேங்காய்ப்பால் விடுவதும் வழக்கம். சர்க்கரைப் பொங்கலுக்கு நானும் இப்போது அதைத்தான் விடுகிறேன். மாற்று என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை.

தோற்கும் இடமும் உண்டு. வெள்ளைச் சர்க்கரை போட்ட சேமியா பாயசத்தில் தேங்காய் மணம் தூக்கலாக நின்று ஏலக்காயை அமுக்கிவிடும். காபியில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். முதல் பாலில் பசும்பாலைவிடப் பல மடங்கு கொழுப்பு இருப்பதால் எங்கும் அளவுக்கு அளவு ஊற்றக் கூடாது. ஒரு கப் பால் என்று செய்முறையில் இருந்தால் இரண்டாம் பாலை எடுங்கள், அல்லது முதல் பாலில் சரிபாதி தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். கடையில் வாங்கும் கெட்டித் தேங்காய்ப்பாலுக்கும் இதே கணக்கு.

முந்திரி, நிலக்கடலை, சோயா

குருமா, பட்டாணி மசாலா, பனீர் இல்லாத வடநாட்டுக் கிரேவிகள் எல்லாவற்றுக்கும் முந்திரிப்பால்தான் என் முதல் தேர்வு. அரைக் கப் முந்திரியை இரண்டு மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு கப் தண்ணீர் விட்டு மிக்ஸியில் நைசாக அரைத்தால் போதும். வடிகட்ட வேண்டாம், சக்கை என்று எதுவும் மிஞ்சாது. பாதாமுக்கு இந்தச் சௌகரியம் இல்லை. முந்திரியில் மாவுச்சத்து இருப்பதால் சூடாகும்போது தானாகவே கெட்டிப்படும். பாலாடை சேர்த்ததைப் போன்ற வழவழப்பு கிடைக்கும். சேமியா பாயசத்துக்கு இதைச் சற்று நீர்க்கக் கரைத்துவிட்டால், நிறைகொழுப்புப் பாலில் செய்தது என்றே விருந்தாளிகள் நினைக்கிறார்கள். ஆறியதும் இன்னும் இறுகும் என்பதால் இறக்கும்போது நீங்கள் விரும்பும் பதத்தைவிட ஒரு படி தளர்வாக இறக்குங்கள்.

முந்திரியின் விலையை நினைத்து ஒதுங்குபவர்களுக்கு நிலக்கடலை இருக்கிறது. இதை ஏன் இவ்வளவு பேர் மறந்துவிட்டோம் என்று எனக்கு வருத்தமே உண்டு. பச்சைக் கடலையை ஆறு மணி நேரம் ஊறவைத்து, தோலை உரித்து, அரைத்து வடிகட்டி, பத்து நிமிடம் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். காய்ச்சாவிட்டால் பச்சை வாடை போகாது. புரதம் மிகுந்தது, காரமான குழம்புகளுக்கும் கூட்டுக்கும் பொருத்தம். இனிப்புக்கு எடுபடாது. வீட்டிலேயே தயிராகவும் தோய்க்கலாம். காய்ச்சிய கடலைப்பாலை வெதுவெதுப்பாக ஆறவிட்டு, நாலைந்து பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு ஓர் இரவு மூடிவைத்தால் உறைகிறது. பசுந்தயிரின் இறுக்கம் வராது, புளிப்பு வரும். மகனின் தயிர்ச்சாதம் இதில்தான் நடக்கிறது. தாளிப்பில் இஞ்சியும் கறிவேப்பிலையும் கொஞ்சம் கூடுதலாக விட்டால் கடலை வாசம் தெரியாது.

சோயாவை நம் ஆட்கள் வெறுப்பதற்குக் காரணம் அதன் பயறு வாடை. அந்த வாடை பயறோடு பிறந்ததில்லை, குளிர்ந்த தண்ணீரில் அரைக்கும்போது ஒரு நொதி கொழுப்போடு வினைபுரிந்து உண்டாக்குவது. ஊறிய சோயாவைக் கொதிக்கும் தண்ணீரில் சில நிமிடம் போட்டெடுத்து, வெந்நீரே விட்டு அரைத்தால் வாடை வெகுவாகக் குறைகிறது. வடிகட்டிய பின் பதினைந்து நிமிடமாவது கொதிக்க வேண்டும். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, கொதியில்தான் அது அடங்கும். நன்றாகக் கொதிக்கும் முன்பே பொங்கி நுரைத்து ஏமாற்றும், பெரிய பாத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் பயறில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் கிடைக்கும். எல்லா மாற்றுகளிலும் இதுதான் மலிவு.

இவ்வளவு சிரமம் எதற்கென்றால், புரத அளவில் பசும்பாலுக்கு நிகராக நிற்பது இது ஒன்றுதான். எலுமிச்சை பிழிந்தால் திரிகிறது, பிழிந்து அழுத்தினால் டோஃபு என்ற சோயாப் பனீராகிறது, ஓவனில் சிவக்கிறது. புரதம் வேலை செய்ய வேண்டிய இடங்களில் வேறு எதையும் நான் தேடுவதில்லை.

பாதாம், ஓட்ஸ், அரிசி, கேழ்வரகு

பாதாம் பானத்தைக் குடிக்கலாம், சமையலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பெட்டியின் பின்புறம் பாதாமின் அளவு எவ்வளவு என்று பாருங்கள், பலவற்றில் இரண்டு மூன்று விழுக்காடுதான் இருக்கும். மீதி தண்ணீர், கெட்டிப்படுத்தும் பிசின், பல நேரம் சர்க்கரை. வீட்டில் கெட்டியாக அரைத்தால் பாதாம் அல்வாவுக்கும் பாதாம் பாலுக்கும் அருமையாக இருக்கும். அதைக் குருமாவில் கொட்ட மனம் வராது.

ஓட்ஸ் பானம் 1990களில் சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழக ஆய்விலிருந்து வந்தது. நொதியைக் கொண்டு ஓட்ஸின் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குவதுதான் அதன் நுட்பம். அந்த நொதி நம் வீட்டில் இல்லை. எனவே வீட்டில் அரைத்த ஓட்ஸ் பால் அடுப்பில் ஏறியதும் கஞ்சிப்பசைபோல் கொழகொழத்துவிடும். கடையில் வாங்கியது வெள்ளைச் சாஸுக்கும் சூப்புக்கும் மிக நன்றாகப் பொருந்துகிறது, விலைதான் அடிக்கடி வாங்க விடுவதில்லை. அரிசிப் பாலில் கொழுப்பும் புரதமும் மிகக் குறைவு என்பதால் அதைத் தனியாக வாங்கத் தேவையில்லை.

கேழ்வரகுப் பால் வேறு ரகம். ஊறவைத்து அரைத்துப் பிழிந்த அந்தப் பாலில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. கருப்பட்டிப் பாகு சேர்த்துக் கிண்டினால் சில நிமிடங்களில் பளபளவென்று இறுகிக் களியாக வரும். ஆறவைத்துத் துண்டு போட்டால் புட்டிங். நம் மொழியில் கோதுமையை ஊறவைத்துப் பிழிவதும் பால்தான், திருநெல்வேலி அல்வா அந்தப் பாலில்தான் பிறக்கிறது. பால் என்ற சொல்லை மாட்டோடு மட்டும் கட்டிவைக்காத சமையல் நம்முடையது. கடையில் வாங்கும் பெட்டிகளில் பால் என்று போடாமல் பானம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளுக்காக.

எதை வாங்கினாலும் சர்க்கரையும் வாசனையும் சேர்க்காதது என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். என் குருமா பாழானது அதைப் பார்க்காததால்தான்.

ஓவனுக்குள்

இங்கே நான் மிகவும் கவனமாகச் சோதித்தேன். ஒரே வெனிலா கேக், ஒரே அளவு மைதா, சர்க்கரை, எண்ணெய். பாலின் இடத்தில் மட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றாக நான்கு வகை விட்டுப் பார்த்தேன்.

வெறும் தண்ணீரில் செய்தது நன்றாகவே எழும்பியது. மேற்புறம் வெளுப்பு, மறுநாள் வறட்சி. சோயாப் பாலில் செய்தது நிறம், மென்மை, வெட்டும்போது உதிராத பதம் எல்லாவற்றிலும் பழைய கேக்கின் பக்கத்தில் நின்றது. பயறு வாடை வெனிலாவில் மறைந்துபோனது. இரண்டாம் தேங்காய்ப்பாலில் செய்தது முதல் நாள் சற்றுக் கனமாக இருந்தது, மறுநாள் நான்கிலும் சுவையானதாக மாறியது. ஓட்ஸ் பானத்தில் செய்தது அழகாகச் சிவந்தது, நடுவில் லேசான பிசுபிசுப்பு. எனவே வெனிலா கேக், கப் கேக், பன், ரொட்டி ஆகியவற்றுக்குச் சோயா. ரவா கேக், வாழைப்பழக் கேக், ஏலக்காயோ அன்னாசியோ போட்ட கேக் என்றால் தேங்காய்ப்பால், எண்ணெயைக் கால் பங்கு குறைத்துக்கொண்டு.

சாக்லேட் கேக்குக்குப் பாலே வேண்டாம். அமெரிக்காவில் பொருளாதார நெருக்கடியும் போர்க்காலப் பங்கீடும் நிலவிய காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு கேக் இருக்கிறது. பால், முட்டை, வெண்ணெய் மூன்றும் இல்லாமல் செய்தது. வாக்கி கேக் என்று பெயர். ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி கோகோ, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு. இவற்றைக் கலந்து, ஐந்து மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி வெனிலா, ஒரு கப் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கிளறி உடனே ஓவனில் வைக்க வேண்டும். 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். வினிகரும் சோடாவும் சேர்ந்து எழுப்பும் நுரை அடங்கும் முன் உள்ளே போய்விட வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. மகனின் பிறந்தநாளுக்கு மூன்று ஆண்டுகளாக இதுதான். வகுப்புப் பிள்ளைகள் வித்தியாசம் கண்டதில்லை.

மோர் கேட்கும் செய்முறைகளில் மோரின் புளிப்புக்கு வேலை இருக்கிறது, அது சோடாவைத் தூண்டுகிறது. ஒரு கப் சோயாப் பாலில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் மோர்போலத் திரிந்து கெட்டிப்படும். தேங்காய்ப்பால் அப்படித் திரியாது. ஆனாலும் புளிப்பு இருப்பதால் கேக் எழும்பத்தான் செய்யும்.

முட்டை சேர்க்காத நம்மூர்க் கேக்குகள் பலவும் சுண்டிய பால் டப்பாவை நம்பி இருப்பவை. அந்த டப்பாவில் பாதிக்கு மேல் சர்க்கரைதான் என்று தெரிந்தால் மாற்று எளிது. 400 மில்லி கெட்டித் தேங்காய்ப்பாலில் 120 கிராம் சர்க்கரை சேர்த்து, சிறு தீயில் அடிப்பிடிக்காமல் கிளறிப் பாதியாகச் சுண்டவிடுங்கள், அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆறியதும் டப்பாவின் பதம் வரும். டப்பாவை விட இனிப்புக் குறைவு என்பதால் கேக் கலவையில் இரண்டு கரண்டி சர்க்கரை கூட்டிக்கொள்ள வேண்டும்.

வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் போடுபவர்கள் எடைக்கு எடை போட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். வெண்ணெயில் சுமார் 80 விழுக்காடுதான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். தேங்காய் எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. எனவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரும். தேங்காய் எண்ணெய் 25 டிகிரி வாக்கில் உருகிவிடும். தூத்துக்குடி வெயிலில் அது எந்த மாதமும் உறைந்து நிற்பதில்லை. பிஸ்கட்டுக்குச் சர்க்கரையோடு நுரைக்க அடிக்க வேண்டுமானால், எண்ணெயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, விரல் அமுங்கும் பதத்தில் எடுத்து அடியுங்கள்.

கஸ்டர்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1837ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் கஸ்டர்ட் பவுடரைக் கண்டுபிடித்தார். அவர் மனைவிக்கு முட்டை ஒவ்வாதது. அதனால் முட்டைக்குப் பதில் சோளமாவு வைத்தார். வீட்டில் ஒருவருக்கு ஆகவில்லை என்பதற்காக ஒருவர் உட்கார்ந்து யோசித்தது இன்று உலகமெங்கும் எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது என்பது எனக்குத் தெம்பு தரும் செய்தி. கெட்டிப்படுத்தும் வேலையை மாவே பார்த்துக்கொள்வதால் கஸ்டர்டுக்குச் சோயா, ஓட்ஸ், முந்திரி எதுவும் சரி. முந்திரி என்றால் பவுடரைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

கடைப் பண்டங்களில் ஒளிந்திருக்கும் பால் தனிக் கவலை. ஒருமுறை பால் சேர்க்கவில்லை என்று கேட்டு வாங்கிய ரொட்டியைத் தின்று மகனுக்கு உடம்பெல்லாம் தடித்தது. மாவில் பால் இல்லை, மேலே மினுமினுப்புக்குத் தடவியிருந்தார்கள். பிஸ்கட், ரொட்டி, மார்ஜரின், சூப் பொடி எதுவானாலும் உறையில் பால் திடப்பொருள், வே (whey, பால் திரிந்ததும் பிரியும் தெளிநீர்), கேசின் என்ற சொற்களைத் தேடிப் பார்க்காமல் வாங்குவதில்லை.

மாற்று இல்லாதவை, மாற்றே தேவைப்படாதவை

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதில் இருப்பது பாலும் சர்க்கரையும் மட்டுமே. பாலே பண்டமாக இருக்கும் இடத்தில் எதை வைத்து மாற்றுவது? திரட்டுப்பால், ரசகுல்லா எல்லாம் அந்த வரிசைதான். முந்திரியில் பால்கோவா என்று சில செய்முறைகளைச் செய்து பார்த்தேன். நல்ல முந்திரி இனிப்பாக வந்தது, பால்கோவா வரவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் குழந்தைக்குக் கொடுப்பதைவிட, பாலே தேவைப்படாமல் பிறந்த இனிப்புகளைக் கொடுக்கலாம்.

எங்கள் மாவட்டம் அதில் குறை வைக்கவில்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருக்கிறது. தூத்துக்குடி மக்ரூன் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்தது. முதலூர் மஸ்கோத் அல்வா கோதுமைப் பாலோடு தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டுவது, நெய் கிடையாது. தேங்காய்ப்பால் சுண்டச் சுண்ட அதன் எண்ணெயே பிரிந்து வந்து அல்வாவைப் பாத்திரத்தில் ஒட்டாமல் உருட்டிவிடுகிறது. சொதியில் வராமல் தடுக்கும் அதே எண்ணெயை இங்கே வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். கடுமையான ஒவ்வாமை இருப்பவர்கள், கடையில் இவை பால் இனிப்புகளோடு ஒரே தட்டில், ஒரே கரண்டியில் புழங்குகின்றனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சத்துக் கணக்கையும் ஒரு வரி பார்க்க வேண்டும். 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வீட்டில் அரைக்கும் மாற்றுப் பால்களில் அவ்வளவு கிடைக்காது. மகனுக்குக் கேழ்வரகும் எள்ளும் முருங்கைக்கீரையும் வாரத்தில் பல நாள் வரும்படி பார்த்துக்கொள்கிறேன். பி12 வைட்டமினுக்கு மருத்துவர் சொன்னபடி. சத்து சேர்த்த பெட்டிப் பானம் என்றால் அடியில் படிந்திருக்கும், குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்.

காபி

மற்ற எல்லாவற்றிலும் துணிந்து தீர்ப்புச் சொன்ன நான் இங்கே தயங்குகிறேன். ஃபில்டர் காபியின் சுவையில் பாதி பால்தான். சோயாப் பால் டிகாக்‌ஷனின் புளிப்பும் சூடும் பட்டவுடன் திப்பிதிப்பியாகத் திரியும். பாலைச் சூடாக்கிக்கொண்டு, டிகாக்‌ஷனை அதில் சிறிது சிறிதாக விட்டால் ஓரளவு தப்பிக்கும். முந்திரிப்பால் திரியாது, ஆனால் காபியின் கசப்பை மழுங்கடிக்கும். காபிக்கென்றே விற்கும் ஓட்ஸ் பானங்களில் புளிப்பைச் சமப்படுத்தும் உப்பு சேர்த்திருப்பதால் அவை திரிவதில்லை, நன்றாக நுரைக்கின்றன. இருப்பவற்றில் அதுதான் சிறந்தது. அதுவும் தானியத்தின் மணத்தோடுதான் வரும்.

அத்தைக்கு லாக்டோஸ் நீக்கிய பாலில் காபி. வழக்கத்தைவிட அரைக் கரண்டி சர்க்கரை குறைவாகப் போட்டால் அவருக்குப் பழைய சுவையே கிடைத்துவிடுகிறது. மாலையில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் போடுவது கருப்பட்டிக் காபி. சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டது, பால் என்ற பேச்சே எழாதது. மகனும் ஒரு சிறு தம்ளர் குடிப்பான் என்பதால் அன்றைக்குக் காபித் தூளை விட்டுவிட்டுச் சுக்கு மல்லி மட்டும். கருப்பட்டியை நேரடியாகப் போடாமல் தனியே கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், அடியில் மண் தங்கும்.